டாசோ ஏறிய மூன்றாவது ஏணி

நாய்க்கு ஏணி செய்யச் சொன்னார்கள். நாயை அளக்கப் பயந்து, நானே நாலு காலில் நின்று என்னை அளந்தேன். இதை முதலிலேயே நான் சொல்லிவிடுவது நல்லது. பிறகு யோகன் சொல்லி நீங்கள் கேள்விப்பட்டால் இன்னும் கேவலமாக இருக்கும். அளவுநாடா பிடித்தவன் அவன்தான். சுவிசில், பீல் ஏரிக்கரையில் நான் இருபத்தாறு வருடம் வேலை செய்த படகுப் பட்டறையில் என்னோடு இருந்த ஒரே தமிழன்.

"அண்ணை, தோளிலையிருந்து நிலத்துக்கு அறுபது. வயிறு நிலத்திலை முட்டுது. அதையும் எழுதுறதோ?"

"எழுதாதை. நாய்க்கு அப்பிடி வயிறில்லை."

"அப்ப நீங்கள் நாயில்லை அண்ணை. வேறை என்னவோ."

போன மாதம் பட்டறைப் பக்கம் போனேன். ஓய்வு பெற்றவனுக்குப் போவதற்கு வேறு இடமில்லை. வீட்டில் மனைவி பவானி துரத்துகிறாள். மேசையில் ஒரு பெட்டி கிடந்தது. மேலே சிரிக்கும் நாயின் படம். உள்ளே பிளாஸ்டிக்கில் மடிப்பு ஏணி, படகுக்குப் பூட்டும் கொழுவிகளோடு. யோகன் அதைத் தூக்கிக் காட்டினான். "பாத்தியளோ அண்ணை, நீங்கள் பட்ட பாட்டை உவங்கள் பெட்டிக்குள்ளை போட்டு அனுப்புறாங்கள். எழுதி வையுங்கோ. இல்லாட்டி ஒருத்தரும் நம்பாயினம்."

எழுதுகிறேன். நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

நான் சுவிசுக்கு வந்த கதையை நீட்ட மாட்டேன். உங்கள் வீட்டிலும் ஒருவர் அப்படித்தான் வந்திருப்பார், அவரிடம் கேளுங்கள். இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் நாலு வருடம் சட்டி தேய்த்தேன். பிறகு பீலில் மணிக்கூட்டுக் கூடுகளுக்கு மினுக்கம் போடும் தொழிற்சாலையில் ஏழு வருடம். அங்கே ஆள் குறைத்தபோது குறைந்த ஆள் நான். வேலை தேடிப் போன படகுப் பட்டறையில் ஒரு பெண், காற்சட்டைப் பைக்குள் கைகளை விட்டபடி, "என்ன தெரியும்?" என்று கேட்டார். "மினுக்கத் தெரியும்," என்றேன். மூன்று விரல் அகல மணிக்கூட்டை மினுக்கியவன் ஏழு மீற்றர் படகையும் மினுக்குவான் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அவர்தான் உர்சுலா. தகப்பனுக்குப் பிறகு பட்டறையை எடுத்து நடத்தியவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். பேச்சில் என்னைவிட நூறு வயது மூத்தவர், அவ்வளவு சிக்கனம்.

சுவிஸ்காரருக்கு ஒரு ஆளில் பிரியம் வந்தால் பெயரைக் குறுக்கிக் கடைசியில் ஒரு 'இ' ஒட்டிவிடுவார்கள். செல்வரத்தினமாகிய நான் முதல் கிழமையே செல்வி ஆனேன். மீசை வைத்த செல்வி. திருத்தவில்லை. அன்பாகக் கூப்பிடும்போது யார் இலக்கணம் பார்ப்பார்கள்?

உர்சுலா வேலை பார்க்கும் முறையைச் சொல்ல வேண்டும். நான் ஒரு பலகையை மணல்தாளால் உரஞ்சி முடித்துவிட்டுக் கூப்பிட்டால் வருவார். பலகையைப் பார்க்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, சுட்டுவிரல் நகத்தின் முதுகைப் பலகையின் ஒரு நுனியிலிருந்து மற்ற நுனிவரை இழுத்துக்கொண்டு போவார். நகம் எங்கே நிற்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி. ஒருநாள் ஒரே பலகையில் பதினொரு புள்ளி வைத்தார். அம்மை போட்ட பிள்ளைபோல அது கிடந்தது. நான் கண் திறந்து தேடினேன், வெளிச்சம் பிடித்துத் தேடினேன், ஒன்றும் தெரியவில்லை. அடுத்த நாள் கண்ணை மூடி என் நகத்தால் இழுத்தேன். பதினொன்றும் இருந்தன. பயமாக இருந்தது, சத்தியமாக. என் கைக்குள் இப்படியொரு கண் இருப்பதை நாற்பது வயதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

இன்னொரு சம்பவம். படகின் அடியில் மழைநீர் வடிவதற்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கும். ஏரியில் இறக்கமுன் அதற்கு அடைப்பான் பூட்ட வேண்டும். இரண்டு கிழமை மினுக்கிய ஒரு படகை, சொந்தக்காரரின் குடும்பம் கரையில் கேக்கோடு நிற்க, பெருமையாக இறக்கினேன். கேக் வெட்டுமுன் படகு இருக்கைவரை தாழ்ந்துவிட்டது. எல்லாரும் அடைப்பானைத் தேடினோம். தொலையக் கூடாதென்று நான் அதை என் சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருந்தேன்.

உர்சுலா கத்தவில்லை. படகை இறைத்து முடித்த பிறகு சொன்னார் (அவர் பேசியது பேர்ண் பக்கத்து ஜெர்மன், நான் எங்கள் பேச்சில் தருகிறேன்): "இனிமேல் தண்ணிக்குள்ளை இறங்கிற எதிலையும் செய்தவன்தான் முதல் ஏறவேணும்." அன்றிலிருந்து பட்டறையில் அது சட்டம். எனக்கு நீந்தத் தெரியாது. தீவிலிருந்து வந்தவனுக்கு நீந்தத் தெரியாதா என்று சுவிஸ்காரர் கேட்பார்கள். மலைநாட்டில் பிறந்தவர்கள் எல்லாரும் பறக்கிறார்களா என்று நான் திருப்பிக் கேட்பேன். ஆனாலும் சட்டம் சட்டம்தான். பிறகு வந்த வருடங்களில் ஒவ்வொரு படகிலும் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, முதல் ஆளாக உட்கார்ந்தேன். அடைப்பானை மூன்று தரம் தொட்டுப் பார்ப்பேன். பிள்ளையாரையும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய கோடை முடிகிற நேரம் ஹான்ஸ் வந்தார். எழுபது தாண்டிய வேட்டைக்காரர், பச்சைத் தொப்பி. குளிர்காலத்தில் படகில் போய்க் காட்டுவாத்துச் சுடுவதற்கு அனுமதிப் பத்திரம் வைத்திருந்தார். அவர் பின்னால் அவருடைய நாய், டாசோ. கம்பிபோன்ற மயிர், தாடி, மஞ்சள் கண், முப்பத்துநாலு கிலோ. சுட்ட வாத்தைத் தண்ணீரிலிருந்து எடுத்துவருவது அதன் தொழில். அதைக் கண்டதும் நான் வார்னிஷ் தகரத்துக்குப் பின்னால் எதையோ தேடத் தொடங்கினேன். சின்ன வயதில் கடி வாங்கிய தொடை இன்னும் எனக்கு ஞாபகமிருக்கிறது. தொடைக்கும் ஞாபகமிருக்கிறது.

ஹான்ஸ் விஷயத்தைச் சொன்னார். வாத்தோடு திரும்பும் நாயைப் படகுக்குள் அவர்தான் தூக்கி எடுக்க வேண்டும். முதுகில் சத்திரசிகிச்சை நடந்த பிறகு அது முடியவில்லை. போன மார்கழியில் தூக்கப்போய், நாய் மேலே வருவதற்குப் பதிலாக அவர் கீழே போய்விட்டார். ஒரு மீனவர் கண்டு இழுத்திருக்காவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

"என்ரை மகள் மோனிக் சொல்லிப்போட்டாள்," என்றார். "பருவம் துவங்க முந்தி இதுக்கு ஒரு வழி வேணும். இல்லாட்டிப் படகை விக்கிறது. டாசோவைத் தூரத்திலை, கிரவ்புண்டன் மலைப்பக்கம் ஒரு வேட்டைக்காரருக்குக் குடுக்கிறது. வேலையில்லாமல் இந்த நாய் வீட்டிலை இராது, விசர் பிடிச்சுப்போடும்."

"எத்தனை நாள் இருக்கு?" என்று உர்சுலா கேட்டார்.

"மூண்டு கிழமை."

அவர் அதைச் சொன்னபோது கை நாயின் காதில் இருந்தது. காதைத் தடவவில்லை, சும்மா பிடித்துக்கொண்டிருந்தார். விடுகிற ஆள் பிடிக்கிற பிடி அல்ல அது.

உர்சுலா பென்சிலைக் கடித்தபடி என்னைப் பார்த்தார். "செல்வி செய்யும்," என்றார். இருபத்தைந்து வருடத்தில் அவர் எனக்குத் தந்த மிக நீண்ட பாராட்டு அது.

அன்று பின்னேரம்தான் நான் நாலு காலில் நின்றது.

முதலாவது ஏணியை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. அவ்வளவு அழகு. உருண்டைப் படிகள், வளைந்த கைமரம், ஏழு பூச்சு வார்னிஷ். முகம் பார்த்துத் தலை வாரலாம். தண்ணீரில் இறக்கினோம். மரமல்லவா, அடிப்பக்கம் மெல்ல எழும்பி மிதந்தது. படகிலிருந்து ஏரிக்கு நீட்டிய நாக்கு மாதிரி. டாசோ நீந்தி வந்து முன்னங்காலை வைத்தது. வழுக்கியது. திரும்பவும் வைத்தது, திரும்பவும் வழுக்கியது. மூன்றாம் தரம் வைக்கவில்லை. தண்ணீரில் நின்றபடி என்னைப் பார்த்தது. நாய் குரைத்துத் திட்டியிருந்தால் பரவாயில்லை.

இரண்டாவது ஏணிக்கு உருண்டைப் படியை விட்டேன். ஒரு சாண் அகலத்தில் தட்டைப் படி. மிதக்காமலிருக்க அடியில் ஈயக்கட்டி. சாய்வையும் குறைத்தேன். படகின் பக்கத்தில் பூட்டினால் நாயின் பாரத்துக்குப் படகு சரியும் என்பதால் பின்பக்கத்துக்கு மாற்றினேன். அங்கே மோட்டாரை நிறுத்தித் தூக்கிவிட்டால் இடமிருந்தது. வார்னிஷ் இல்லை. நனைந்தாலும் நகம் பிடிக்கிற மாதிரி ஏதாவது படியில் ஒட்ட வேண்டும். ரப்பர் ஒட்டிப் பார்த்தேன், ஈரத்தில் சறுக்கியது. மணல்தாள் பாதத்தைக் கிழிக்கும். யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து வாசலில் சப்பாத்தைத் துடைத்தேன். பிறகு குனிந்து, எதைக்கொண்டு துடைத்தேன் என்று பார்த்தேன். தென்னந்தும்பு மிதியடி. தமிழ்க் கடையில் வாங்கியது.

அடுத்த நாள் பவானி வேலை இடத்துக்கே தொலைபேசி எடுத்தாள். "இஞ்சாருங்கோ, வாசலிலை கிடந்த மிதியடி எங்கை?"

"ஏணிக்கு."

"ஆற்றை ஏணிக்கு?"

"நாயின்ரை ஏணிக்கு."

"போன வருசம் பரணிலையிருந்து பெட்டி இறக்க நான் கதிரைக்கு மேலை கதிரை வைச்சு ஏறினனான். அப்ப எனக்கு ஒரு ஏணி செய்யத் தோணேல்லை. நல்லா இருங்கோ. நாயும் நல்லா இருக்கட்டும்."

தும்பு பிடித்தது. டாசோவின் நகம் அதில் ஊசிபோலக் குத்தி நின்றது. முன்னங்கால் இரண்டும் ஏறின. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. பாதி உடம்பு தண்ணீரில், பாதி வெளியில். வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடி தொங்கியது. கொஞ்ச நேரத்தில் பிடி விட்டு விழுந்தது. ஐந்து தரம், ஆறு தரம். ஹான்ஸ் "போதும்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை மகள் வந்து பார்ப்பதாக இருந்தது.

நான் ஏணியை நிலத்தில் போட்டு அளந்தேன், திரும்ப அளந்தேன். எல்லாம் சரி. உர்சுலா பக்கத்தில் வந்து நின்றார். நகத்தைக்கூட வைக்கவில்லை.

"தண்ணிக்குள்ளை பாத்தனியோ?"

"எதை?"

"நாயை."

அவ்வளவுதான். போய்விட்டார். நான் அந்த இடத்திலேயே நின்றேன். இருபத்தைந்து வருடமாகத் தண்ணீருக்குச் சாமான் செய்திருக்கிறேன், தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டு.

மறுநாள் மத்தியானம் மிதவைச் சட்டையோடு, யோகனின் மகளுடைய இளஞ்சிவப்பு நீச்சல் கண்ணாடியோடு, நெஞ்சளவு தண்ணீரில் இறங்கினேன். இடுப்பில் கயிறு, மறுநுனி யோகன் கையில்.

"அண்ணை, ஏதும் எண்டால் ரெண்டு தரம் இழுங்கோ."

"ஏதும் எண்டால் நான் கத்துவன். இழுக்க நேரமிராது."

திட்டம் இதுதான்: கரையிலிருந்து டாசோ, பக்கத்தில் நின்ற படகின் ஏணிக்கு நீந்திப் போகும், நான் முகத்தை அமிழ்த்தி அதன் காலைப் பார்ப்பேன். டாசோ இறங்கியது. நான் மூச்சைப் பிடித்து முகத்தை அமிழ்த்தினேன். மிதவைச் சட்டை என்ன செய்யும் என்பதை மறந்துவிட்டேன். கால் நிலத்தை விட்டு எழும்ப, குப்புற மிதந்தேன். டாசோவின் கண்ணுக்கு அது என்னவென்று தெரிந்திருக்கும்? தண்ணீரில் அசையாமல் மிதக்கிற ஒரு பெரிய பொருள். எடுத்துவர வேண்டியது.

மிதவைச் சட்டையின் கழுத்துப் பக்கத்தை ஏதோ பற்றியது. பல்! செத்தேன் என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பிடி என் கழுத்தில் படவே இல்லை. சட்டையின் துணியை மட்டும், ஒரு முட்டையைத் தூக்குகிற பக்குவத்தில் பிடித்திருந்தது. பிறகு நான் நகரத் தொடங்கினேன். எழுபத்தெட்டுக் கிலோ செல்வியை டாசோ இழுத்துக்கொண்டு போனது.

என் முகம் தண்ணீருக்குள்தான் இருந்தது. கண் திறந்திருந்தது.

அதை எப்படி எழுதுவது என்று இன்றும் எனக்குத் தெரியாது. பச்சை வெளிச்சத்தில் நாலு கால்கள். முன்னங்கால் முன்னே போகும்போது விரல்கள் சேர்ந்து குவிகின்றன. பின்னே தள்ளும்போது விரிகின்றன. விரல்களுக்கு இடையே தோல். துடுப்பு! மரத்தில் துடுப்புச் செதுக்கியிருக்கிறேன், எத்தனையோ. இப்படி விரிந்து சுருங்கும் ஒன்றை எந்தப் பட்டறையில் செதுக்குவது? சத்தமே இல்லை. வயிற்று மயிரிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் நூல் கோத்ததுபோல மேலே போயின. கோயிலில் திரை விலகும்போது ஒரு கணம் மூச்சு நிற்குமே, அப்படி நின்றது. உண்மையில் மூச்சு நின்றுதான் இருந்தது.

ஏணிக்கு வந்தது. என்னை விடாமலே முன்னங்காலைப் படியில் வைத்தது. அப்போது பின்னங்கால்களைக் கண்டேன். நீந்தும்போது பின்னால் கிடந்த அவை, உடம்பு நிமிர நேராகக் கீழே தொங்கின. இருட்டில் மாடிப்படி தேடுகிற மனிதனின் கால்போல, அங்கே ஒரு படி இருக்க வேண்டும் என்ற நிச்சயத்தோடு துழாவின. இருக்கவில்லை. என் கடைசிப் படி அந்தப் பாதத்துக்கு ஒன்றரைச் சாண் மேலே நின்றது. நான் அளந்தது நிலத்தில் நிற்கிற நாயை. தண்ணீரில் ஏறுகிற நாய் வேறு நீளம்.

யோகன் கயிற்றை இழுத்தான். ஹான்ஸ் கத்தினார். டாசோ என்னைக் கரையில் ஹான்ஸின் காலடியில் ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, உதறியது.

"அண்ணை! அண்ணை! உயிரோடை இருக்கிறியளோ?"

"ரெண்டு படி," என்றேன் இருமிக்கொண்டு. "கீழை இன்னும் ரெண்டு படி."

பிறகு டாசோவின் தலையில் கை வைத்தேன். அறுபத்துநாலு வயதில் நான் தொட்ட முதல் நாய். கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை. வாத்தின் இறகு கசங்காமல் கொண்டுவரப் பழகிய வாய் அது.

மூன்றாவது ஏணி இரண்டு துண்டு, நடுவில் மடிக்கிற பிணைச்சல். மேல்துண்டு முன்போலவே. கீழ்த்துண்டு தண்ணீருக்குள் இன்னும் ஆழமாக, கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்து, நான் கண்ட பின்னங்கால்கள் துழாவிய அதே இடத்தில் இரண்டு அகலப் படிகள். இந்த முறை டாசோவையே அளந்தேன். அசையாமல் நின்றது. அழகென்று ஒன்றுமில்லை, கோழிக்கூட்டுக் கதவு மாதிரி இருந்தது. சட்டப்படி முதலில் நான் ஏறினேன். ஏறிய விதத்தைப் பற்றி யோகன் சொல்வது பொய்.

சனிக்கிழமை மோனிக் வந்தார். நாற்பது வயதிருக்கும். கையைக் கட்டிக்கொண்டு துறையில் என் பக்கத்தில் நின்றார். ஹான்ஸ் படகைக் கொஞ்சத் தூரம் கொண்டுபோய், மோட்டாரை நிறுத்தித் தூக்கிவிட்டு ஏணியை இறக்கினார். துணி வாத்தை எறிந்தார். டாசோ பாய்ந்தது, பற்றியது, திரும்பியது. முன்னங்கால் படியில். ஒரு கணம் நின்றது. தண்ணீருக்குக் கீழே என்ன நடக்கிறது என்று அந்தத் துறையில் எனக்கு மட்டும் தெரியும். துழாவுகிறது, துழாவுகிறது... பிடித்துவிட்டது! முழு உடம்பும் ஒரே உந்தில் எழும்பி, ஒவ்வொரு படியாக, அவசரமில்லாமல், தன் வீட்டுப் படியில் ஏறுவதுபோல ஏறி, துணி வாத்தை ஹான்ஸின் கையில் வைத்தது.

யோகன் விசிலடித்தான். நான் பட்டறைப் பக்கம் பார்த்தேன். உர்சுலா வாசலில் நின்றார், கை காற்சட்டைப் பைக்கு வெளியே.

மோனிக் கைதட்டவில்லை. "நாய் சரி," என்று கூப்பிட்டுச் சொன்னார். "இப்ப நீங்கள், அப்பா."

எங்கள் எல்லாருக்கும் அப்போதுதான் விளங்கியது, அவருடைய பயம் நாயைப் பற்றியது அல்ல என்று. மூன்று கிழமையாக நாங்கள் நாய்க்கு ஏணி செய்துகொண்டிருந்தோம். அவர் தகப்பனுக்கு ஏணி தேடிக்கொண்டிருந்தார்.

ஹான்ஸ் தொப்பியைக் கழற்றி இருக்கையில் வைத்தார். மணிக்கூட்டைக் கழற்றித் தொப்பிக்குள் வைத்தார். மிதவைச் சட்டையின் வாரை இறுக்கினார். படகின் ஓரத்தில் உட்கார்ந்து, அப்படியே சறுக்கி இறங்கினார். தலை வெளியே வந்தது. நீந்தி ஏணிக்கு வந்து கையை வைத்தார். நின்றார். அவர் முதுகை நினைத்தேன். என் சட்டைக்கையை யாரோ இறுக்கிப் பிடித்திருந்தார்கள். மோனிக். பிடித்திருப்பது அவருக்கே தெரியாது. இவ்வளவு நேரமும் ஒரு முனகல்கூடப் போடாத டாசோ, படகின் விளிம்பில் நின்று மெல்லிதாக அழத் தொடங்கியது.

ஒரு முழங்கால் படியில் வந்தது. பிறகு மற்றது. கை, முழங்கால், கை, முழங்கால். நிமிராமல், முதுகை வளைக்காமல், நாலு காலில் அந்த மனிதர் ஏரியிலிருந்து தன் படகுக்குள் ஏறினார். கடைசிப் படியில் டாசோ அவர் முகம் முழுவதையும் நக்கியது.

கரைக்கு வந்ததும் ஹான்ஸ் நேரே கரையோர மரத்துக்குப் போய், நனைந்த கையால் ஒரு கொப்பு முறித்தார். வேட்டைக்காரரின் வழக்கம் அது. தொழிலை நன்றாகச் செய்த நாய்க்கும் ஆளுக்கும் பச்சைக் கொப்பு. ஒரு துண்டை டாசோவின் கழுத்துப் பட்டியில் செருகினார். மறுதுண்டை என் வேலைத் தொப்பியில் செருகினார்.

எனக்கு அழுகை வரப்பார்த்தது. அழுகை வந்தால் நான் பகிடி விடுகிறவன். மோனிக்கின் பக்கம் திரும்பி, "அப்ப, படகை எப்ப விக்கிறியள்?" என்று கேட்டேன்.

அவர் ஏரியைப் பார்த்தபடி, அப்படியொரு பேச்சே இருந்ததில்லை என்பதுபோலச் சொன்னார்:

"எந்தப் படகை?"